சந்தனம் வைத்த கொக்கி

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பிச்சைமுத்து அறைக்குள் ஓடினான். அக்கா போட்ட சத்தத்தில் ஈரக்குலை நடுங்கியும் அது மட்டும் அவனுக்கு மறக்கவில்லை. மச்சான் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றி வைத்தது அது. “நான் விழுந்து கெடந்தா மொதல்ல என்னைத் தொடாத. மெயின எறக்கு. அப்பறம் வந்து அழுவலாம்” என்று சதாசிவம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்வார். பிச்சைமுத்து தாப்பாவில் பஸ் பட்டறையில் மெக்கானிக். ஞாயிறானால் அக்கா நவமணியின் வீட்டுக்குப் பசியாற வந்துவிடுவான். தோசையோடு மச்சானின் இந்தப் பாடத்தையும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவான்.

அன்று காலை பத்தரை மணிக்கு அவன் வெளியே கித்தா மரத்தடியில் நின்று ஏரியல் கம்பியின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். சிம்பாங் பூலாய்ப் பக்கம் அந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெட்டுக்குத் தப்பிய மரங்கள் நாலைந்துதான். அதில் இரண்டு, கணக்கெழுதும் கிராணி முன்பு இருந்த வீட்டுக்குப் பின்னால் நின்றன. ஏரியல் கட்ட வசதி என்று அந்த மரங்களைப் பார்த்தே சதாசிவம் அங்கே குடிவந்தார். ஜன்னல் வழியாக மச்சானின் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. ஏரியலுக்குப் பதிலாகத் தான் செய்த புது ரேடியோப் பெட்டியில் எட்டு பல்புகளைக் கோர்த்துவிட்டு மைக்கில் விசிலடிப்பார். விசிலுக்கு விசில் பல்புகள் எரியும். ஒரு குமிழைத் திருப்பினால் மீட்டர் முள் இறங்கும். அடுத்ததைத் திருப்பினால் பல்புகளுக்கு வெளிச்சம் கூடும். இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பி, இதற்கு மேல் ஏறாது என்கிற இடத்துக்குக் கொண்டுவருவதுதான் டியூனிங். பிறகு விசில் நின்றது. மூடியின் திருகுகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மச்சான் உள்ளே காயிலில் கிளிப்பை மாற்றிப் போடுகிறார் என்று நினைத்து அவன் கயிற்றுக்கு இரண்டாவது முடிச்சைப் போட்டான்.

அப்போதுதான் அக்கா கத்தினாள்.

சதாசிவம் பெட்டியின் முன்னால் முழங்காலிட்டபடியே ஒருக்களித்துச் சரிந்து கிடந்தார். ஒரு முழங்கால் இன்னமும் பெட்டியின் இரும்பில் சாய்ந்திருந்தது. இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. வலது கையின் ஆட்காட்டி விரல் நுனியில் சுண்ணாம்பு பட்டதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான் காயம். அறையில் முடி பொசுங்கிய வாடை அடித்தது. பிச்சைமுத்து அவரைப் புரட்டிப் போட்டு மார்பில் அழுத்தினான், குத்தினான், காதை வைத்துப் பார்த்தான், திரும்ப அழுத்தினான். நவமணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, மாவு ஒட்டிய கையோடு நின்றாள்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ராஜு டிரசர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தோட்டம் இருந்த காலத்தில் சனங்களுக்கு மருந்து கொடுத்தவர். இமையைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தில் விரலை வைத்தார், பிச்சைமுத்துவின் கையைப் பிடித்துச் சதாசிவத்தின் மார்பிலிருந்து எடுத்துவிட்டார்.

“போதும் தம்பி. போயிட்டாரு.”

உடம்பை நடுவீட்டில் பாயில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். “போலீஸ் பாலாய்ல போய்ச் சொல்லிட்டு வாரேன். மாத்தா வர்ற வரைக்கும் அந்த ரூம்ல யாரையும் விடாதீங்க லா” என்றுவிட்டு டிரசர் சைக்கிளை எடுத்தார்.

அதற்குள் ஜன்னலில் லயத்துப் பிள்ளைகளின் தலைகள் முளைத்துவிட்டன. பிச்சைமுத்து அவர்களை விரட்டி, ஜன்னலைச் சாத்தி, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூடி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகள் பளபளப்பாக நின்றன. தொட்டுப் பார் என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவனுக்கு அந்த அறையில் நிற்கவே பயமாக இருந்தது.

சதாசிவம் ஜாக்கிரதைக்குப் பேர் போனவர். ஈப்போ டவுனில் ரேடியோ டிவி ரிப்பேர் கடையில் இருபது வருசமாக வேலை, ஒரு தடவைகூட ஷாக் வாங்கியதில்லை. ஆளில்லாத ரோட்டில்கூட இரண்டு பக்கமும் பார்த்து, திரும்ப ஒரு தடவை பார்த்துத்தான் கடப்பார். வானம் நீலமாக இருந்தாலும் குடை இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். பயந்தாங்கொள்ளி மச்சான் என்று பிச்சைமுத்து முகத்துக்கு நேராகவே சொல்வான். “ஆமா லா, பயந்தாங்கொள்ளிதான். ஒங்கக்காகூட இருந்து எனக்குக் கெழவனாவணும்” என்பார்.

அவர் தந்தி அடிக்கும் மோர்ஸ் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்த அமெச்சூர் ரேடியோக்காரர். சின்ன ரேடியோவில் ஜப்பான், ஆஸ்திரேலியா வரைக்கும் பேசினார். அதற்கும் மேலே, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் காதில் விழவேண்டுமென்றால் குரலுக்குப் பலம் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பவர் ஆம்ப்ளிஃபையர். மூன்று வருசம் சாமான் சேர்த்துச் செய்தார். உள்ளே இரண்டாயிரத்து ஐந்நூறு வோல்ட் ஓடும். சுவிட்சை அடைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அதை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தானாக வடிந்துபோவதற்கு ஒரு ரெசிஸ்டர் உண்டு. அதை நம்பக்கூடாது என்பார். அதற்காகவே ஒரு குச்சி செய்து வைத்திருந்தார்.

ஒரு முழ நீளக் கட்டை. அதன் முனையில் பித்தளைக் கொக்கி. கொக்கியிலிருந்து ஒரு தடித்த வயர் வந்து பெட்டியின் இரும்பைக் கவ்விக்கொள்ளும். சுவிட்சை அடைத்து, நூறு வரைக்கும் எண்ணி, நெஞ்சுக்குக் குறுக்கே கரண்ட் ஓடாதபடி இடது கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வலது கையால் கொக்கியை வால்வின் தலையில் வைக்கவேண்டும். மிச்சம் மீதி இருந்தால் ‘டப்’ என்று வெடித்து இரும்புக்குள் போய்விடும். சத்தம் வரவில்லையென்றால் பெட்டி காலி. அதற்குப் பிறகுதான் உள்ளே கையை விடலாம்.

எப்போதும் சுவர் ஆணியில் தொங்கும் குச்சி இப்போது அங்கே இல்லை. தரையில், மச்சானின் கை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் வயர் பெட்டியின் இரும்பைக் கவ்விக்கொண்டுதான் இருந்தது.

அப்படியென்றால் மச்சான் குச்சியை வைத்திருக்கிறார். இடது கையும் பைக்குள் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னபடி செய்துவிட்டுத்தான் செத்திருக்கிறார்.

பெட்டிக்குள் இன்னும் ஏதாவது இருக்கலாம். போலீஸ்காரன் வந்து கையை விட்டால் அடுத்த பிணம் விழும். அவன் குச்சியை எடுத்தான். மச்சான் சொல்லிக்கொடுத்தபடியே இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கொக்கியை வால்வின் தலையில் வைத்தான். சத்தம் இல்லை. அழுத்தி வைத்தான். சத்தம் இல்லை. காலி என்று மூச்சை விட்டுக் குச்சியைத் திருப்பியபோதுதான் கொக்கியைச் சரியாகப் பார்த்தான்.

கொக்கி முழுக்கச் சந்தனம். காய்ந்து, இறுகி, சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக இருந்தது. நடுவில் குங்குமம்.

புதன்கிழமைதான் ஆயுத பூசை. பிச்சைமுத்துவின் பட்டறையிலும் ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். இங்கே அக்கா மேசையைத் துடைத்து, மச்சானின் குறடு, ஸ்க்ரூ டிரைவர், ஈயம் பற்றவைக்கும் இரும்பு, மோர்ஸ் தட்டும் கட்டை, மைக் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தாள். காலையில் வந்தபோது அவனே பார்த்தான். மைக்குக்குமா அக்கா, என்று கேலிகூடப் பண்ணினான்.

அவன் நகத்தால் சுரண்டினான். கொக்கியின் உள்வளைவில், வால்வின் தலை பொருந்துகிற இடத்தில்தான் சந்தனம் அதிகம். ஓரளவு பித்தளை தெரிந்ததும், ஏனென்று அவனுக்கே தெரியாமல், மறுபடியும் வால்வின் தலையில் வைத்தான்.

‘டிக்.’

பல்லி உச்சுக்கொட்டியதுபோலச் சின்னச் சத்தம். சின்ன நீலப் பொறி.

மச்சானைக் கொன்றதுபோக மீந்து கிடந்தது அது. சந்தனம் இருந்தவரைக்கும் வாயைத் திறக்காமல் உள்ளேயே பதுங்கி இருந்திருக்கிறது. மச்சானும் இப்படித்தான் வைத்திருப்பார், சத்தம் வரவில்லை, காலி என்று நம்பியிருப்பார். கொக்கியில் சந்தனம் இருந்ததை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்த்திருப்பார். கொக்கிதானே, எங்கேயாவது உலோகம் படும் என்று நினைத்திருப்பார். இல்லை, அதுவும் இல்லை. அக்கா ஆசையாக வைத்த பொட்டைச் சுரண்டிப் போட அவருக்கு மனசு வரவில்லை. உலகத்தில் எதையும் நம்பாத மனுசன் அதை மட்டும் நம்பிவிட்டார்.

அக்காவின் மேல் பிச்சைமுத்துவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தைக் கண்டு அவனுக்கே பயமாகப் போயிற்று. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இந்த மனுசர்தான் அவளுக்கு எல்லாம். இது அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆவாள்? கிணறு பின்னாலேயே இருக்கிறது. கயிறும் இருக்கிறது, அவன்தான் சற்று முன்னால் அதை மரத்தில் கட்டிவிட்டு வந்தான்.

“தம்பி!” நடுவீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுகை இல்லாத குரல். “அந்தக் குச்சிய வச்சாராடா? வச்சுட்டுத்தானே கைய விட்டிருப்பாரு?”

அவளுக்கும் அந்தப் பாடம் மனப்பாடம். பிச்சைமுத்து கதவைத் திரும்பிப் பார்த்தான். சட்டை நுனியை எச்சிலால் நனைத்துக் கொக்கியை அழுத்தித் துடைத்தான். மஞ்சளும் சிவப்புமாகச் சட்டையில் ஏறியது. இன்னும் துடைத்தான். வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினான். குச்சியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினான்.

“தம்பி, ஒன்னத்தான் கேக்குறேன்.”

“வைக்கலக்கா” என்றான். “ஆணியிலதான் தொங்குது. மறந்துட்டாரு போல.”

“மறந்துட்டாரா?” என்றாள் நவமணி. “எம்புருசனா?”

பிச்சைமுத்து சட்டையைக் கழற்றி, கறை உள்ளே போகும்படி சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டான்.

போலீஸ்காரர் நல்ல மனுசராக இருந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அறையை எட்டிப் பார்த்து, பெட்டியைத் தொடாமலேயே, பாதுகாப்புக்கு ஏதும் செய்வதில்லையா என்று மலாயில் கேட்டார். பிச்சைமுத்து குச்சியைக் காட்டி, இதை வைக்க மறந்துவிட்டார் என்றான். அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை அவன் தலைகீழாகப் படித்தான். ‘சுவாய்’ என்று எழுதியிருந்தார். அசட்டை. மச்சானின் பெயருக்கு நேராக அந்த வார்த்தையைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் கீழே கையெழுத்துப் போட்டான்.

உடம்பை அறுத்துப் பார்க்க ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மத்தியானம் கிடைக்கும் என்றார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. லயத்தில் வீட்டுக்கு வீடு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்று அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் தைப்பிங்கிலிருந்து விஸ்வலிங்கம் வந்தார். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் ரேடியோக்காரர்தான். சதாசிவத்தை மோர்ஸ் பரீட்சைக்கு உட்காரச் சொல்லி அடம்பிடித்தவர். ஏழு வருசமாகச் சாயங்காலம் தவறாமல் இரண்டு பேரும் காற்றில் பேசிக்கொள்வார்கள். நேரில் பார்த்துக்கொண்டது நாலைந்து தடவைதான். வந்தவர் நவமணியின் முன்னால் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு பிச்சைமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நேற்றுப் பதினொரு மணிக்குப் புதுப் பெட்டியில கூப்பிடுறன் எண்டவர். நான் ஒண்டரை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தனான். வெறும் இரைச்சல்தான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குச்சி வைக்க மறந்துபோனார் எண்டு வாசல்ல கதைக்கினம். ஆர் சொன்னது?”

“நாந்தாங்கய்யா.”

“அவர் மறக்கிற ஆளில்லைத் தம்பி. எனக்கு அவரைத் தெரியும். பெட்டியை ஒருக்கால் பார்க்கவேணும்.”

“இப்ப எதுக்குங்கய்யா? மாத்தாவே பாத்துட்டுப் போயிட்டாங்க லா.”

“போலீசுக்கு என்ன தெரியும்? இந்தப் பெட்டியின்ர வயரிங் படத்தை வைச்சு இன்னும் மூண்டு பேர் கட்டுகினம். என்ன பிழைச்சது எண்டு தெரியாமல் நான் அவையளுக்கு என்னத்தைச் சொல்ல?”

மறுக்க வழியில்லை. பிச்சைமுத்து கதவைத் திறந்துவிட்டு, தானும் உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றான். கிழவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவசரமே படவில்லை. அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. வடிகாலாகப் போட்டிருந்த ரெசிஸ்டர் அறுந்திருந்தது. வெளியே பார்க்க நல்லதுபோல இருந்தாலும் மீட்டரில் முள் அசையவில்லை.

“இது ஒண்டு” என்றார். “இது அறுந்தபடியால் தானாக வடியேல்லை. பெட்டியின்ர மீட்டரும் கரண்டுப் பக்கம் திருப்பிக் கிடக்கு, வோல்ட்டைக் காட்டியிராது. ஆனால் இதுக்குத்தானே குச்சி? குச்சி வைச்சிருந்தால் இது ஒண்டும் செய்திராது.”

எழுந்து போய் ஆணியிலிருந்து குச்சியை எடுத்தார். வயரை இழுத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. கொக்கியை விரலால் தடவினார். பிறகு மேசையைப் பார்த்தார். குறட்டில் பொட்டு. ஸ்க்ரூ டிரைவரில் பொட்டு. மோர்ஸ் கட்டையில் பொட்டு. மைக்கின் நெற்றியில் ஒரு பொட்டு. கையிலிருந்த குச்சியைத் திரும்பவும் பார்த்தார்.

“எல்லாத்துக்கும் இருக்கு” என்றார், தனக்குள்ளே சொல்வதுபோல.

கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குச்சியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். கொக்கி கட்டைக்குள் இறங்கும் இடத்தில் மயிரிழை அளவு மஞ்சள் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் எடுத்து விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நீர்தான் துடைச்சனீரோ?”

பிச்சைமுத்து தலையை ஆட்டினான்.

“தரையில கிடந்ததோ?”

“ஆமாங்கய்யா. வயரு மாட்டித்தான் இருந்துச்சு. இடது கைகூட சிலுவார் பைக்குள்ளதான் இருந்துச்சு.” சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நேற்றிலிருந்து வராத அழுகை. “ஒண்ணுகூட விடல. எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்காரு.”

கிழவர் வாயைத் திறந்தார். அதற்குள் கதவு திறந்தது.

நவமணி நின்றாள். மச்சானுக்கு உடுத்துவதற்கு வேட்டி சட்டை எடுக்க வந்திருந்தாள். துணி அலமாரி அந்த அறையில்தான் இருந்தது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் கண் கிழவரின் கையில் இருந்த குச்சிக்குப் போனது. அங்கேயே நின்றது.

“பொட்டு எங்க?” என்றாள்.

கிட்டே வந்து கொக்கியைக் குனிந்து பார்த்தாள்.

“மொதப் பொட்டே அதுக்குத்தாங்கய்யா வச்சேன். சாமி படத்துக்கு அடுத்தாப்ல அதுக்குத்தான். அதுதான் என்னைக் காப்பாத்துற சாமின்னு அவரே சொல்லுவாரு. அதனால நல்லா கெட்டியா அப்புனேன். இப்ப ஒண்ணையும் காணமே?”

கறைபட்ட சட்டை அந்த அறையிலேயே அலமாரிக்கு அடியில் சுருண்டு கிடந்தது. பிச்சைமுத்து அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான். பொட்டு போய்விட்டது என்றால் குச்சியை யாரோ எடுத்துப் புழங்கியிருக்கவேண்டும். மச்சான் புழங்கினார் என்றால், புழங்கியும் ஏன் செத்தார் என்று அடுத்து கேட்பாள். அவள் முட்டாள் இல்லை. கேட்டுக்கொண்டே போனால் இரண்டு கேள்வியில் அங்கே வந்துவிடுவாள்.

விஸ்வலிங்கம் மெதுவாகக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

“நான்தான் துடைச்சனான் பிள்ளை” என்றார். “இப்பத்தான். சோதிச்சுப் பார்க்கத் துடைக்கவேண்டிக் கிடந்தது. குறை நினைக்காதையும்.”

நவமணி தம்பியைப் பார்த்தாள். “நேத்து நீ பாக்கும்போது இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா.”

“அழியாமலா?”

“வச்சது வச்சபடி இருந்துச்சு.”

“அப்ப அவரு அத எடுக்கவே இல்ல.” அவள் கிழவரிடம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கய்யா. நீங்கதான் இதெல்லாம் படிச்சவரு. இவன் சின்னப் பய, என் மனசு நோவக்கூடாதுன்னு எதாச்சும் சொல்லுவான். நெசமாவே அவரு எடுக்கலியா?”

கிழவர் குச்சியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். ஒரு கணம் அவர் சொல்லிவிடுவார் என்றுதான் பிச்சைமுத்து பயந்தான். ரேடியோவில் தப்பாக ஒரு எழுத்துத் தட்டினால்கூட மன்னிப்புக் கேட்டுத் திரும்பத் தட்டுகிற மனுசர் என்று மச்சான் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

“எடுக்கேல்லைப் பிள்ளை” என்றார் விஸ்வலிங்கம். “மறந்துதான் போனார்.”

நவமணி அலமாரியைத் திறந்து பட்டுக்கரை வேட்டியை எடுத்தாள், சட்டையை எடுத்தாள், உதறிப் பார்த்தாள். காலரில் ஒரு நூல் பிரிந்திருந்ததைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு வெளியே போனாள்.

அவள் போன பிறகு கிழவர் எழுந்து கதவைச் சாத்தினார். “என்ர வீட்டிலயும் மனுசி புதன்கிழமை எல்லாத்துக்கும் வைச்சவ” என்றார். “என்ர கொக்கியை நான் பார்க்கவே இல்லை. இண்டைக்குப் போய் முதல் வேலையா அதைத்தான் பார்க்கவேணும்.” குச்சியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். “மற்றவைக்கும் எழுதுறன். கொக்கியைத் தேய்ச்சுத் துப்புரவாக்கிப்போட்டுப் பாவியுங்கோ எண்டு. ஏன் எண்டு எழுதமாட்டன். சதாசிவம் குச்சி எடுக்க மறந்தவர் எண்டும் எழுதத்தான் வேணும். இனி நாங்கள் ரெண்டு பேரும் அதைத்தான் சொல்லவேணும், விளங்குதோ? சாகுமட்டும்.”

“அவருக்கு இது அநியாயம்ங்கய்யா.”

“ஓம்” என்றார் கிழவர். “அநியாயம்தான்.”

மத்தியானம் இரண்டு மணிக்கு உடம்பு வந்தது. வாசலில் பெஞ்சு போட்டுக் குளிப்பாட்டினார்கள். கடையில் சதாசிவத்தோடு வேலை பார்த்த சீனி, தலையில் கையை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். “சதாசிவமா? கடையில பிளக்கப் புடுங்கிட்டு, புடுங்குனத நாலு பேருகிட்ட காட்டிட்டுத்தான் லா வேலையே ஆரம்பிப்பாரு. எப்படி மறந்தாரு? நம்பவே முடியலயே.” பிறகு பிச்சைமுத்துவிடமே வந்து கேட்டார். “நீ பாத்தியாமே தம்பி. நெசமாவா?”

“ஆமாண்ணே” என்றான்.

“என்ன லா இது. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒரு நாள் அசட்டையா இருந்தா அவ்வளவுதான் போல” என்று சீனி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். வாசலைத் தாண்டி லயத்துக்குள் அந்தப் பேச்சு போனது. ஒவ்வொரு வாயாக அது போவதைப் பிச்சைமுத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வேட்டி சட்டை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, பெண்களைக் கூப்பிட்டார்கள். அதுவரை அழாமல் இருந்த நவமணி புருசனின் முகத்தைப் பார்த்ததும் வெடித்தாள். அது அழுகையாக வரவில்லை, திட்டாக வந்தது.

“ஏய்யா, ஒரு நிமிசம் ஆவுமாய்யா அந்தக் குச்சிய எடுத்து வைக்க? ஒரே ஒரு நிமிசம்! மூணு தடவ திரும்பிப் பாத்து ரோட்டக் கடப்பியே, மழயில்லாத நாள்ல கொட தூக்கிட்டுப் போவியே, நூறு வரைக்கும் எண்ணுவியே, அதெல்லாம் வேசமாய்யா? கெழவனாவுற வரைக்கும் கூட இருப்பேன்னியே. நான் கும்புட்டு பொட்டு வச்சுக் குடுத்தத ஒனக்குக் கையால தொட நேரமில்லியா? ஒன் அசட்டைக்கு நானாய்யா ஆப்புட்டேன்?”

“போறவரத் திட்டாத புள்ள” என்று ஒரு கிழவி அவள் தோளைப் பிடித்தாள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு திரும்பவும் ஆரம்பித்தாள். அசட்டை மனுசா, அசட்டை மனுசா என்று அவள் குரல் ஏறிக்கொண்டே போனது.

திட்டட்டும் என்று பிச்சைமுத்து நினைத்தான். திட்டுகிறவள் பிழைத்துக்கொள்வாள். அக்கா உயிரோடு இருப்பாள், தீபாவளிக்கு அடுத்த தீபாவளி, அதற்கும் அடுத்தது என்று இருப்பாள், இருக்கிறவரைக்கும் இவரைத் திட்டிக்கொண்டே இருப்பாள். அதுதான் அவனுக்கு வேண்டியது. அதைத்தான் நேற்று அவன் எச்சில் தொட்டுத் துடைத்து வாங்கினான். ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஒரு தப்பும் செய்யாத மனுசரின் மேல் போய் விழுந்தது. அவர் பக்கம் பேச அந்தக் கூட்டத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

“நேரமாவுது, தூக்குங்கப்பா” என்றார் ராஜு டிரசர்.

பெஞ்சிலிருந்து சவப்பெட்டிக்கு மாற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. தலைமாட்டில் விஸ்வலிங்கமும் டிரசரும் நின்றார்கள். இடுப்புக்குச் சீனி கையைக் கொடுத்தார். பிச்சைமுத்து கால்மாட்டுக்கு வந்தான். கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவன் குனிந்து மச்சானின் இரண்டு பாதங்களையும் கையால் பிடித்தான்.

“தம்பி, தூக்குவம்” என்றார் விஸ்வலிங்கம்.

பிச்சைமுத்து நிமிரவில்லை. அவன் நெற்றி அவர் பாதத்தில் பட்டுக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பேரும் கையை வைத்தபடி காத்திருந்தார்கள். பாவம், கனத்தைத் தூக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்த சீனி, அந்தப் பக்கமிருந்து சுற்றி வந்து கால்மாட்டில் தானும் ஒரு கை கொடுத்தார்.